டீட்ரிச் போன்ஹோபர்: கீழிருந்து பார்க்கக் கற்ற போதகர்

1933 செப்டம்பரில் பெர்லினில் ஒரு திருச்சபைப் பேரவை கூடியது. வந்திருந்த பிரதிநிதிகளில் பலர் ஹிட்லர் கட்சியின் பழுப்புச் சீருடையில் வந்திருந்தார்கள். அந்தக் கூட்டம் ஒரு விதியை நிறைவேற்றியது. யூத வம்சத்தில் வந்த எவரும் இனி போதகராக இருக்க முடியாது. யூத வழிப் பெண்ணை மணந்தவரும் இருக்க முடியாது. அவர் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவராக இருக்கலாம், ஊரே மதிக்கும் பிரசங்கியாராக இருக்கலாம், அதெல்லாம் கணக்கில் வராது. பாட்டன் பாட்டியில் ஒருவர் யூதராக இருந்தாலே போதும், பலிபீடத்துக்கு அருகே வரக் கூடாது.

இதைப் படிக்கும்போது நம் ஊர்க் கோயில்களின் தனி பெஞ்சும், கல்லறைத் தோட்டத்து நடுச் சுவரும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அன்று அந்த விதியை எதிர்த்து எழுந்தவர்களில் 27 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். டீட்ரிச் போன்ஹோபர் என்பது அவர் பெயர். இறையியல் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் என்பதால் இந்த வாரம் அவரைப் பற்றிப் பேசுகிறோம்.

அவர் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். 1906 பிப்ரவரி 4 அன்று, அப்போது ஜெர்மனியிலும் இப்போது போலந்திலும் இருக்கும் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். தந்தை கார்ல் போன்ஹோபர் புகழ்பெற்ற மனநல மருத்துவர். பிறகு பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். எட்டுப் பிள்ளைகள். டீட்ரிச்சும் சபீனேவும் இரட்டையர். வீட்டில் வேலையாட்கள், இசை, புத்தகங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் அந்த வீட்டார் கோயிலுக்குப் போவது அபூர்வம். பையன் இறையியல் படிக்கப்போகிறேன் என்றபோது அண்ணன்மார் சிரித்தார்கள். திருச்சபை உளுத்துப்போன நிறுவனம், அங்கே போய் என்ன செய்யப்போகிறாய் என்று கேலி செய்தார்கள். அப்படியென்றால் அதைச் சீர்திருத்துவேன் என்று அவர் பதில் சொன்னதாகக் குடும்பத்தில் சொல்வார்கள். ஓர் அண்ணன் அறிவியலாளர், இன்னொருவர் வழக்கறிஞர். கடவுளை நம்பாதவர்களும் அறிவியலை நம்புகிறவர்களும் நடுவில் அமர்ந்து சாப்பிட்டு வளர்ந்தவர் அவர். படித்தவன் எவனுக்கும் விளங்காத ஒரு விசுவாசத்தை அவரால் கடைசி வரை பேச முடியாமல் போனதற்கு அந்தச் சாப்பாட்டு மேசையும் ஒரு காரணம் என்று நாம் நினைக்கிறோம்.

21 வயதில் முனைவர் பட்டம் வாங்கினார். 24 வயதில் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தகுதி கிடைத்தது. போதகராகத் திருநிலைப்படுத்த வயது போதவில்லை. அந்த இடைவெளியில், 1930இல், நியூயார்க்கில் உள்ள யூனியன் இறையியல் கல்லூரிக்கு ஓராண்டு படிக்கப் போனார். இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு அந்த இடம் ஒருவகையில் பழக்கமானதுதான். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த மேட்டிலிருந்து சற்றுக் கீழே இறங்கினால் ஹார்லெம். கறுப்பின மக்கள் வாழும் பகுதி.

கல்லூரிப் பாடங்கள் போன்ஹோபருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நகரத்தின் பெரிய வெள்ளையர் சபைகளில் கேட்ட பிரசங்கங்களில் நற்செய்தியைத் தவிர மற்ற எல்லாம் இருந்ததாக அவருக்குப் பட்டது. உடன் படித்த ஆல்பர்ட் ஃபிராங்க்ளின் ஃபிஷர் என்ற கறுப்பின மாணவர்தான் அவரை ஹார்லெமில் இருந்த அபிசீனியன் பாப்டிஸ்ட் சபைக்கு அழைத்துப் போனார். ஃபிஷர் அலபாமா மாநிலத்துக்காரர். அந்தச் சபையின் போதகர் ஆடம் கிளேட்டன் பவல், அடிமைத்தனம் ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே பிறந்தவர். அங்கே வேதத்தை வாசித்தவர்கள் அதை மேலே இருந்து வாசிக்கவில்லை. எகிப்தில் அடிமைப்பட்ட இஸ்ரவேலரின் கதை அவர்களுக்குத் தங்கள் பாட்டியின் கதை. சிலுவையில் தொங்கியவர், ஊர் நடுவே மரத்தில் தூக்கிலிடப்பட்ட தங்கள் மனிதர்களில் ஒருவர்.

வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிப்போகும் வெளிநாட்டு மாணவராக அவர் இருக்கவில்லை. மாதக்கணக்கில் ஞாயிறுதோறும் போனார். ஃபிஷரோடு சேர்ந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். வீடுகளுக்குப் போனார். கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். ஒருமுறை நண்பர்கள் சேர்ந்து உணவகத்துக்குப் போனபோது ஃபிஷருக்கு மட்டும் மற்றவர்களைப் போல் பரிமாற மறுத்தார்கள். போன்ஹோபர் எழுந்து வெளியே வந்துவிட்டார். இரட்டைக் குவளை எது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உயர்குடி ஜெர்மானிய இளைஞனுக்கு அது புதுப் பாடம்.

அதே கல்லூரியில் ழான் லாசேர் என்ற பிரெஞ்சு நண்பரும் கிடைத்தார். முதல் உலகப் போரில் பிரான்சும் ஜெர்மனியும் ஒன்றையொன்று கொன்று குவித்தவை. போன்ஹோபரின் அண்ணன் வால்ட்டர் 1918இல் போர்க்களத்தில் இறந்தவர். அந்த இரு நாட்டு இளைஞர்கள் சேர்ந்து மலைப் பிரசங்கத்தைப் படித்தார்கள். பகைவரை நேசிப்பது பற்றிய வசனங்கள் அழகான இலட்சியமா, அல்லது நாளைக்கே செய்ய வேண்டிய காரியமா என்ற கேள்வியை லாசேர் அவருக்குள் போட்டார். 1931இல் ஊர் திரும்பும்போது போன்ஹோபரின் பெட்டியில் கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல்கள் அடங்கிய இசைத்தட்டுகள் இருந்தன.

பெர்லினில் அவருக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலைகளில் ஒன்று, தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் திடப்படுத்தல் வகுப்பு. வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த காலம். பையன்கள் முந்தைய ஆசிரியரை ஓட ஓட விரட்டியவர்கள். முதல் நாள் போன்ஹோபர் மாடிப்படி ஏறும்போதே கூச்சலும், மேலிருந்து விழும் குப்பையும் வரவேற்றன. அவர் அதட்டவில்லை. சுவரோரம் அமைதியாக நின்றார். பிறகு பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கும்படி தணிந்த குரலில் ஹார்லெம் பிள்ளைகளைப் பற்றிக் கதை சொல்லத் தொடங்கினார். மற்றவர்கள் காது கொடுத்தார்கள். சில வாரங்களில் அந்தப் பகுதியிலேயே வாடகை அறை எடுத்துக் குடிபுகுந்தார். பையன்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து போகலாம். திடப்படுத்தல் நாளுக்கு நல்ல உடை இல்லாதவர்களுக்குத் துணி வாங்கிக் கொடுத்தார். சேரிக்குள் ஊழியம் செய்ய வருகிறவர் மாலையில் எங்கே போய்த் தூங்குகிறார் என்பதை வைத்தே நம் மக்கள் அவரை எடைபோடுவார்கள். பெர்லின் தொழிலாளர்களும் அப்படித்தான் எடைபோட்டிருப்பார்கள்.

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். இரண்டே நாளில் போன்ஹோபர் வானொலியில் பேசினார். தலைவனாக இருப்பவன் தன்னையே வழிபாட்டுப் பொருளாக்கினால் மக்களை வழிதவறச் செய்கிறான் என்பது பேச்சின் சாரம். பேசி முடிப்பதற்குள் ஒலிபரப்பு துண்டிக்கப்பட்டது. ஏப்ரல் 1 அன்று யூதர் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி ஹிட்லரின் ஆட்கள் வாசல்களில் காவல் நின்றார்கள். 90 வயதைத் தொட்ட அவருடைய பாட்டி யூலி அவர்களைத் தாண்டி உள்ளே போய்ச் சாமான் வாங்கிவிட்டு வந்தார். அந்தப் பாட்டிக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 7 அன்று அரசுப் பணியிலிருந்து யூதர்களை நீக்கும் சட்டம் வந்தது. அதையே திருச்சபைக்குள்ளும் கொண்டுவர ஒரு பெருங்கூட்டம் துடித்தது. அவர்கள் தங்களை ஜெர்மன் கிறிஸ்தவர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய வாதத்தை நாம் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். இனம் என்பது கடவுள் படைப்பிலேயே வைத்த ஒழுங்கு, விசுவாசம் என்பது உள்ளத்தைச் சேர்ந்தது, இரண்டையும் குழப்பக் கூடாது என்றார்கள். யூத வழி வந்த கிறிஸ்தவர்களை நாங்கள் வெறுக்கவில்லை, அவர்களுக்கென்று தனிச் சபை வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள்.

தனிச் சபை! இந்த வாதம் தமிழ் மண்ணிலும் ஒலித்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் இங்கே ஊழியம் செய்த ஜெர்மனியின் லைப்சிக் மிஷன், சாதியை வெறும் சமூக வழக்கம் என்று சொல்லிச் சபைக்குள் பொறுத்துக்கொண்டது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் அதற்காக வாதாடினார். மற்றப் பல புராட்டஸ்டண்ட் மிஷன்கள் அதைக் கண்டித்தன. ஞானஸ்நானத் தொட்டிக்கு ஒரு சட்டம், பந்திக்கு ஒரு சட்டம் என்று பிரித்துக்கொள்ள இறையியல் எப்போதும் உதவிக்கு வந்திருக்கிறது.

போன்ஹோபர் அந்தப் பிரிவினையின் வேரிலேயே கை வைத்தார். யூதரும் ஜெர்மானியரும் ஒரே வார்த்தைக்குக் கீழே சேர்ந்து நிற்கும் இடத்துக்குத்தான் திருச்சபை என்று பெயர். ஒரு சாராரை இரத்தத்தைக் காட்டி விலக்கிய அந்தக் கணமே அது திருச்சபை என்ற தகுதியை இழந்துவிடுகிறது. பாதிக்கப்படும் போதகர்கள் மிகச் சிலர்தானே, அவர்களாகவே விலகிக்கொண்டால் சண்டை தீருமே என்று சமாதானம் பேசியவர்கள் உண்டு. எண்ணிக்கை இங்கே பேச்சே இல்லை என்று அவர் மறுத்தார். அவருடைய நெருங்கிய நண்பர் ஃபிரான்ஸ் ஹில்டபிராண்ட் யூதத் தாய்க்குப் பிறந்த போதகர். நண்பருக்கு வழியில்லாத சபையில் தானும் போதகராக அமரமாட்டேன் என்று பெர்லினில் தனக்கு வரவிருந்த இடத்தை வேண்டாம் என்றார்.

அதே ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையில் இன்னும் ஒரு படி போனார். அநியாயம் செய்யும் அரசைக் கேள்வி கேட்பது திருச்சபையின் கடமை. பாதிக்கப்பட்டவர் எந்த மதத்தவராக இருந்தாலும் துணை நிற்பதும் கடமை. சில வேளை இவை போதாது. சக்கரத்தில் சிக்கியவர்களுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டே இருந்தால் காரியம் ஆகாது, சக்கரத்தையே நிறுத்த வேண்டியிருக்கும். இதுதான் அவர் சொன்னதன் கருத்து.

அவரைப் புனிதர் ஆக்கிவிட நாம் விரும்பவில்லை. அந்தக் கட்டுரையிலேயே யூதர்களைப் பற்றிய பழைய கிறிஸ்தவத் தப்பெண்ணங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சபீனேயின் கணவர் யூத வம்சத்தவர். அவருடைய தந்தை 1933இல் இறந்தபோது அடக்க ஆராதனை நடத்தக் குடும்பம் போன்ஹோபரைக் கேட்டது. இறந்தவர் ஞானஸ்நானம் பெறாதவர். மேலதிகாரியின் ஆலோசனையைக் கேட்டு அவர் மறுத்துவிட்டார். அந்தப் பயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. சில மாதங்கள் கழித்துத் தங்கைக்கும் மைத்துனருக்கும் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார்.

பிறகு லண்டனில் இரண்டு ஜெர்மன் சபைகளுக்குப் போதகராகப் போனார். அங்கிருந்தபடி ஆங்கிலேய ஆயர் ஜார்ஜ் பெல் மூலம் ஜெர்மனியின் நிலையை உலகத்துக்குச் சொன்னார். இந்தியாவுக்கு வர வேண்டும் என்ற ஆசை அவருக்கு வெகுநாளாக இருந்தது. வன்முறையின்றி எதிர்ப்பது எப்படி என்று காந்தியிடம் கற்க விரும்பினார். 1934 நவம்பரில் காந்தி தன் ஆசிரமத்துக்கு வரும்படி பதில் எழுதினார். பூனா ஒப்பந்தத்துக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த கடிதம் அது. அவர் வந்திருந்தால் அம்பேத்கரின் குரலும் காதில் விழுந்திருக்குமா என்று நமக்கு ஓர் ஏக்கம் உண்டு. பயணம் நடக்கவில்லை. நாஜிகளுக்குப் பணியாத சபைகள் போதகர்களைப் பயிற்றுவிக்க அவரை அழைத்தன.

1935இல் பால்டிக் கடலோரத்தில் தொடங்கிய அந்தப் பயிற்சிப் பள்ளி ஃபின்கன்வால்டே என்ற ஊருக்கு மாறியது. சேர்ந்து ஜெபம், சேர்ந்து சாப்பாடு, சேர்ந்து பாத்திரம் கழுவுதல். மாலை வேளையில் ஹார்லெமிலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டுகளை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவார். இனத்தூய்மை பேசிய நாட்டில், ஒரு கிராமத்து வீட்டில், அடிமைகளின் பாட்டு ஒலித்தது. 1937இல் இரகசியப் போலீஸ் பள்ளியை மூடியது. அதே ஆண்டு சீஷத்துவம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. விலை கொடுக்காமல் கிடைக்கும் கிருபை என்று ஒன்றைச் சபைகள் விற்றுக்கொண்டிருக்கின்றன, பாவியை மாற்றாமல் பாவத்தை மட்டும் மன்னித்து அனுப்புகின்றன என்பது அதன் முக்கியக் குற்றச்சாட்டு.

1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனி முழுவதும் யூதர்களின் ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டன. பெரும்பாலான போதகர்கள் வாய் திறக்கவில்லை. போன்ஹோபர் தன் வேதாகமத்தில் 74ஆம் சங்கீதத்தில், தேவனுடைய ஆலயங்களைச் சுட்டெரித்ததைச் சொல்லும் இடத்தின் ஓரத்தில் அந்தத் தேதியைக் குறித்து வைத்தார். எரிந்தது எதிரியின் கோயிலல்ல, கடவுளின் வீடு என்று அந்தச் சிறு குறிப்பு சொல்கிறது.

1939 ஜூனில் நண்பர்கள் அவரை அமெரிக்காவுக்கு வரவழைத்துவிட்டார்கள். உயிர் தப்பிவிட்டது, வேலையும் தயார். ஒரு மாதம்கூட அவரால் அங்கே இருக்க முடியவில்லை. தன் மக்களோடு சேர்ந்து இந்தச் சோதனையைச் சுமக்காதவனுக்குப் போருக்குப் பிறகு அவர்களோடு சேர்ந்து நாட்டைக் கட்டும் உரிமை இல்லை என்று முடிவுசெய்து, ஜூலையில் கப்பல் ஏறித் திரும்பினார். போர் தொடங்க இரண்டு மாதம்கூட இல்லை.

அதன் பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. மைத்துனர் ஹான்ஸ் ஃபான் டோனானி இராணுவ உளவுத்துறையில் இருந்துகொண்டே ஹிட்லரை வீழ்த்தும் சதியில் ஈடுபட்டிருந்தார். போன்ஹோபரும் அதில் சேர்ந்தார். வன்முறை கூடாது என்று மலைப் பிரசங்கத்திலிருந்து பேசியவர், கொலைத் திட்டத்துக்கு உடன்பட்டார். இது சரியென்று அவர் எங்கும் வாதாடவில்லை. செய்தாலும் குற்றம், சும்மா இருந்தாலும் குற்றம் என்ற இடத்தில், தன் கை சுத்தத்தைவிட அயலானின் உயிர் பெரிது என்று எடுத்த முடிவு அது. அந்தக் குற்றத்தைச் சுமந்து கடவுளின் இரக்கத்தில் தன்னை ஒப்படைத்தார். இந்த இடத்தில் அவரோடு உடன்படாத கிறிஸ்தவர்கள் இன்றும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. இதே குழு 1942இல் யூத வழியினர் 14 பேரை, உளவுத்துறை ஆட்கள் என்று கணக்குக் காட்டி, சுவிட்சர்லாந்துக்குக் கடத்திக் காப்பாற்றியது. அவர்களுக்கு அனுப்பிய பணத்தின் தடயம்தான் பிறகு விசாரணைக்கு வழிகாட்டியது.

1942 கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களுக்காக ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதன் ஒரு படி பெற்றோர் வீட்டுக் கூரை உத்தரத்தில் ஒளித்து வைக்கப்பட்டது. அதில் ஒரு கருத்து நமக்கு மிகவும் வேண்டியது. உலக வரலாற்றின் பெரிய நிகழ்ச்சிகளை ஒருமுறையாவது கீழிருந்து பார்க்கக் கற்றோம் என்கிறார். விலக்கப்பட்டவர், சந்தேகிக்கப்பட்டவர், அடிபட்டவர், அதிகாரமற்றவர் ஆகியோரின் கண்ணால் பார்ப்பதைத்தான் சொல்கிறார். பேராசிரியரின் மகன் இதைப் புத்தகத்தில் கற்கவில்லை. ஹார்லெம் ஞாயிறு பள்ளியில் தொடங்கிய படிப்பு அது. நம் மக்களுக்குக் கீழிருந்து பார்ப்பது பிறவியிலேயே வந்த இடம். மேலே பிறந்த ஒருவர் அந்த இடம்தான் தெளிவாகத் தெரியும் இடம் என்று ஒப்புக்கொண்டது சிறிய காரியமல்ல.

1943 ஏப்ரல் 5 அன்று கைதானார். அதற்கு மூன்று மாதம் முன்புதான் மரியா ஃபான் வெடமையருடன் திருமண நிச்சயம் ஆகியிருந்தது. டேகெல் சிறையில் ஒன்றரை ஆண்டு. அவருடைய மாமா பெர்லின் நகரின் இராணுவத் தளபதி என்று தெரிந்ததும் காவலர்கள் மரியாதை காட்டத் தொடங்கினார்கள். வெயில் தாங்காத அறையிலிருந்து குளிர்ச்சியான அறைக்கு மாற்றுகிறோம் என்றார்கள். தன் இடத்துக்கு வேறொரு கைதியைக் கொண்டுவந்து போடுவார்கள் என்பதால் வேண்டாம் என்றுவிட்டார்.

அங்கிருந்து நண்பர் எபர்ஹார்ட் பெத்கேவுக்கு இரகசியமாக எழுதிய கடிதங்கள்தான் பின்னாளில் உலகைக் கலக்கியவை. மனிதன் வயதுக்கு வந்துவிட்டான், நோய்க்கு மருந்தும் மழைக்குக் காரணமும் அறிவியலில் தேடுகிறான், நம் அறிவு எட்டாத ஓட்டைகளை அடைக்கும் பொருளாகக் கடவுளை வைத்திருந்தால் அறிவு வளர வளரக் கடவுள் சுருங்கிப்போவார் என்று எழுதினார். அதற்காக அறிவியலோடு சண்டை போடச் சொல்லவில்லை. பலவீனத்தில் மட்டுமல்ல, வாழ்வின் நடுவிலும் பலத்திலும் கடவுளைச் சந்திக்க வேண்டும் என்றார். கிறிஸ்துவை அவர் பிறருக்காக வாழ்ந்த மனிதர் என்று கண்டார். எனவே திருச்சபையும் பிறருக்காக இருந்தால்தான் திருச்சபை. அது புதிதாகத் தொடங்க வேண்டுமானால் தன் சொத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும், போதகர்கள் காணிக்கையிலோ வேறு வேலை செய்தோ பிழைக்க வேண்டும் என்று ஒரு நூலுக்கான குறிப்பில் எழுதி வைத்தார். பள்ளிக்கூடமும் நிலமும் கட்டடமும் வைத்திருக்கும் நம் சபைகளில் சொத்து வழக்குகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அந்தக் குறிப்பை ஏன் யாரும் பிரசங்கம் செய்வதில்லை என்பது புரியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் பெற்றாலும் யூதன் யூதன்தான் என்றது ஹிட்லர் அரசு. நம் நாட்டில் 1950 குடியரசுத் தலைவர் ஆணை, ஞானஸ்நானம் பெற்றவரைத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலிலிருந்து விலக்கிவிட்டது. சீக்கியரும் பௌத்தரும் பின்னர் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் இல்லை. சட்டம் சாதி போய்விட்டது என்கிறது. ஊரும் சபையும் போகவில்லை என்கின்றன. இரண்டும் ஒரே மனிதரின் தலையில்தான் விடிகின்றன.

1944 ஜூலை 20 அன்று ஹிட்லருக்கு வைத்த குண்டு தவறியது. போன்ஹோபரோடு தப்பியோட ஒரு காவலரே தயாராக இருந்தார். தொழிலாளி உடைகூட வீட்டார் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில் அண்ணன் கிளவுஸ் கைதானதும், தான் ஓடினால் குடும்பத்தைப் பழிவாங்குவார்கள் என்று திட்டத்தைக் கைவிட்டார். அக்டோபரில் இரகசியப் போலீசின் நிலவறை, அடுத்த பிப்ரவரியில் புகன்வால்ட் முகாம். 1945 ஏப்ரல் 8 ஞாயிறு அன்று ஒரு பள்ளிக்கூடத்தில் அடைக்கப்பட்டிருந்த உடன்கைதிகள் கேட்டுக்கொண்டதால் சிறு ஆராதனை நடத்தினார். முடிந்ததும் அழைத்துப்போக ஆட்கள் வந்துவிட்டார்கள். அன்றிரவே ஃப்ளோசன்பர்க் முகாமில், வாதாட ஒருவரும் இல்லாமல், ஒரு விசாரணை. ஏப்ரல் 9 விடியலில் தூக்கு. வயது 39. இரண்டு வாரத்தில் அமெரிக்கப் படை அந்த முகாமை விடுவித்தது. அண்ணன் கிளவுசும் இரண்டு மைத்துனர்களும் அதே மாதத்தில் கொல்லப்பட்டார்கள்.

ஜூலை கடைசியில், லண்டனில் நடந்த நினைவு ஆராதனையை வானொலியில் கேட்டுத்தான் பெர்லினில் இருந்த பெற்றோர் மகன் இறந்ததை உறுதியாகத் தெரிந்துகொண்டார்கள்.

1953இல் ஃப்ளோசன்பர்கில் நினைவுக் கல் திறந்தபோது அந்தப் பகுதியின் லுத்தரன் ஆயர் வரவில்லை. போன்ஹோபர் அரசியலுக்காகச் செத்தவர், விசுவாசத்துக்காக அல்ல என்பது அவர் கருத்து. தூக்குத் தண்டனை விதித்த நீதிபதியை 1956இல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தத் தண்டனை செல்லாது என்று பெர்லின் நீதிமன்றம் ஒன்று அறிவித்தபோது ஆண்டு 1996.